கொழிஞ்சி குடித்த காரல்

கொழிஞ்சிச் செடி இனித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் செடிகொடிகள் பேசின, ஆடுமாடுகள் பேசின. மண்ணும் பேசியது. ஆனால் மண் பேசுவதைக் கேட்கக் குனிய வேண்டும். ஊரில் குனிந்தவர்கள் எல்லாம் கதிர் அறுக்கவும் களை பறிக்கவும்தான் குனிந்தார்கள், காது கொடுக்கக் குனியவில்லை.

கொழிஞ்சி இனித்தது என்றால் வெல்லம் போல இல்லை. பிஞ்சுப் பயற்றங்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கின் நுனியில் ஒரு தித்திப்பு வருமே, அது. அந்தத் தித்திப்புதான் அதற்குச் சனியனாக வாய்த்தது. ஆடுகள் வேறு எதையும் மோந்துகூடப் பார்க்காமல் நேராகக் கொழிஞ்சிக்குத்தான் போகும். முழங்கால் உயரம் வளர்ந்த கொழிஞ்சியைப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை. பூவைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம்.

ஆட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நத்தைக்குடி என்ற அந்த ஊரின் வழக்கம் அப்படி. தை மாதம் கதிர் களத்துக்குப் போய்விட்டால், அடுத்த உழவு வரைக்கும் வயலில் நிற்கிற பச்சையெல்லாம் ஆட்டுக்கு. வேலி கட்டக் கூடாது. கம்பெடுத்து விரட்டக் கூடாது. இதோடு ஒட்டி இன்னொரு வழக்கமும் உண்டு. மூன்று தை தொடர்ந்து பதர் மட்டுமே அறுத்த வயல், வயல் இல்லை. அது ஊர் மந்தையின் மேய்ச்சல் தரிசு. அதன் பிறகு அதில் யாரும் ஏர் பூட்ட முடியாது.

இதை முதலில் வகுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆடு வயலில் மேயும், மேய்ந்த வயலிலேயே கிடை படுக்கும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குத் திரும்பும் என்று கணக்குப் பண்ணித்தான் வைத்தார்கள். மந்தை நாலு வீட்டுக்குப் பொதுவாக இருந்தவரை அப்படித்தான் நடந்தது. பிறகு மந்தை முழுவதும் மாயழகு என்ற ஒரே ஆள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு ஆடுகள் எல்லார் வயலிலும் மேய்ந்தன. கிடை மட்டும் மாயழகு வயலிலேயே படுத்தன. வழக்கத்தில் பாதி நடந்தது, பாதி நின்றுபோனது. நடந்த பாதியைத்தான் ஊர் வழக்கம் என்று சொன்னார்கள்.

ஊரின் கடைமடையில், கண்மாய்த் தண்ணீர் வந்து சேர்வதற்குள் களைத்துப் போகிற இடத்தில், அடைக்கி என்பவளின் வயல் இருந்தது. அடைக்கிக்குப் புருஷன் செத்து ஏழு வருஷம். பிள்ளை இல்லை. "எங்கூட வந்து இரு அக்கா" என்று தம்பி மூன்று தடவை வந்து கூப்பிட்டான். மூன்று தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "வர்றேன்டா. வயலைத் தூக்கி எந் தலையில வையி, வர்றேன்."

அந்த வயலில் இரண்டு தையாக அவள் அறுத்தது பதர்.

இரண்டாவது பதரைத் தூற்றிவிட்டு வந்த அன்று காலை, மண்வெட்டியை ஓங்கி வயலில் போட்டாள். கல்லில் பட்ட மாதிரி 'ணங்' என்றது. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. பெயர்ந்த கட்டியை எடுத்து உடைக்கப் பார்த்தாள். உடையவில்லை. ஒரு புழு இல்லை, ஒரு வேர்த் துண்டு இல்லை. மோந்து பார்க்கக் குனிந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"குத்தாதே" என்றது மண். "உள்ளே ஒண்ணும் இல்லை."

அடைக்கி பயந்துதான் போனாள். ஆனாலும் கையில் இருந்த கட்டியைக் கீழே போடவில்லை. "தாயே" என்றாள். "என்ன கோவம் உனக்கு? ரெண்டு வருஷமா ஒரு குத்து நெல்லுகூடக் குடுக்க மாட்டேங்கிறியே, தாயே."

"யாருக்கு யாரு தாயி?" மண் சீறியது. "வர்றவுக எல்லாம் தாயின்னுதான் கும்பிடுறீக. கும்பிட்ட எவளாச்சும் எனக்குக் கஞ்சி ஊத்தினாளா? நெல்லைக் கேட்டே, குடுத்தேன். வைக்கோலைக் கேட்டே, குடுத்தேன். அடித்தாளு மிஞ்சியிருந்துச்சு, அதையும் ஆடு கடிச்சுக்கிட்டுப் போச்சு. எனக்குன்னு எவன் என்ன வச்சான்? இப்ப எங்கிட்ட மிச்சமிருக்கிறது காரல் மட்டுந்தான். வேணுமா?"

அடைக்கி வாழ்நாளெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் வயலில் கால் வைத்திருக்கிறாள். கும்பிட்டது போதும் என்று நினைத்திருக்கிறாள்.

"இந்த வருஷம் போடுறேன்" என்றாள் கடைசியில். "வாய்க்கு என்ன வேணும்?"

"எதுவானாலும் சரி. செத்தது வேணும். பச்சையா இருந்து செத்தது" என்றது மண்.

அன்று மத்தியானமே அவள் மாயழகிடம் போனாள். அவர் கிடையின் நடுவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கொம்பன் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கொம்பன் என்பது மந்தையின் தலைக்கிடா. இரண்டு கொம்பும் பின்னால் வளைந்து முதுகைத் தொடும். தாடி நெஞ்சு வரைக்கும் தொங்கும்.

"ரெண்டே ரெண்டு கிடை என் வயல்ல போடணும்ணே" என்றாள் அடைக்கி. "மண்ணு பட்டினியாக் கெடக்குது."

"அவ்வளவு தூரம் நடந்து வந்து படுக்க முடியுமா தாயி?" மாயழகு சிரிக்காமல் சொன்னார். "ஆட்டுக்குக் கால் வலிக்கும்ல?"

"மேய வர்றப்ப வலிக்கலையே?"

கொம்பன் அசை போடுவதை நிறுத்தியது. "மேயப் போற காலு வேற, படுக்கப் போற காலு வேற" என்றது. சுற்றிப் படுத்திருந்த ஆடுகளெல்லாம் கனைத்துச் சிரித்தன.

"நான் கேட்டது உங்கிட்ட இல்லை."

"கேக்கலைன்னாலும் சொல்லுவேன். இன்னும் ஒரே ஒரு தை இருக்கு உனக்கு. அதுவும் பதராப் போச்சுன்னா உன் வயலு எங்க தரிசு. அப்ப வந்து நல்லாக் காலை நீட்டிப் படுக்குறோம். ஏன் அவசரப்படுறே?"

அடைக்கி மாயழகின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆட்டை அதட்டவில்லை. கட்டிலின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மனசில் இருந்ததைத்தான் ஆடு சொன்னது என்று அவளுக்குப் புரிந்துபோனது.

"திங்கிறது என் வயல்ல, புழுக்கை போடுறது உன் வயல்லயா?" என்றாள். "நல்லா இருக்கு அண்ணே உங்க நியாயம். ஆட்டுக்கு இருக்கிற வெக்கம்கூட இல்லை."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் அவர் என்னவோ கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை.

கடைமடை வரப்பில் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர். அதன் பக்கத்தில் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். கள்ளிக்குள்ளிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள்.

"ஏய், அடைக்கி. இங்கே."

எட்டிப் பார்த்தாள். கள்ளி முள்ளுக்கு நடுவில், எந்த ஆட்டு மூக்கும் நுழைய முடியாத இடத்தில், ஒரு கொழிஞ்சி நின்றது. இடுப்பு உயரம். ஊதாப் பூ. கீழே கொத்துக் கொத்தாகக் காய்ந்த நெற்று. கொழிஞ்சி இவ்வளவு வளரும் என்று அடைக்கிக்கு அன்றுதான் தெரிந்தது.

"மண்ணு பேசினதைக் கேட்டேன்" என்றது கொழிஞ்சி. "பச்சையா இருந்து செத்தது வேணும்னு சொல்லுச்சே. நாங்க வர்றோம்."

"எங்கே?"

"உன் வயலுக்குத்தான். இந்த நெத்தை உதிர்த்துத் தெளி. வளர்றோம். பூக்குற பருவத்துல தண்ணியைக் கட்டி எங்களைச் சேத்துல போட்டு மிதிச்சிரு."

அடைக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிதிச்சா செத்துருவீகளே."

"ஆமா. இப்ப மட்டும் என்ன நூறு வருஷமா வாழுறோம்? நாலு இலை விட்டதும் ஆடு வந்து கடிக்குது. கள்ளிக்கு வெளிய நிக்கிற எங்க ஆளுக பூவையே பார்த்ததில்லை. ஆட்டு வாயில போனாலும் சாவு, சேத்துல போனாலும் சாவு. ஆட்டு வாயில போறது அதுங்க வச்ச சாவு. சேத்துல போறது நாங்க வச்ச சாவு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவள் முள் கிழிக்கக் கிழிக்கக் கையை உள்ளே விட்டு நெற்றுக்களைப் பறித்தாள். விதை கடுகை விடக் கொஞ்சம் பெரிது. கல் மாதிரி இருந்தது. அப்படியே தெளித்தால் ஒரு வருஷம் ஆனாலும் முளைக்காது, மணலோடு போட்டு நன்றாகத் தேய் என்று கொழிஞ்சியே சொல்லிக் கொடுத்தது.

"உங்களுக்கு வலிக்காதா?"

"நல்லாத் தேய்ச்சாத்தான் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் முளைப்போம்."

மாசி மாதம் வயலில் கடைசி ஈரம் இருக்கும்போது தெளித்தாள். ஊர் முழுவதும் தரிசாக வெளுத்துக் கிடந்தபோது கடைமடையில் மட்டும் மெல்லிசாக ஒரு பச்சை கிளம்பியது. அடைக்கி இலந்தை முள் வெட்டிச் சுமந்து வந்து நாலு பக்கமும் வேலி அடைத்தாள். நத்தைக்குடியில் அறுப்புக்குப் பிறகு எழுந்த முதல் வேலி அதுதான். பங்குனி வெயில் போனது, சித்திரை போனது, கொழிஞ்சி பனியைக் குடித்தே வளர்ந்தது. வேலிக்கு வெளியே ஆடுகள் தினமும் வந்து நின்று எச்சில் ஒழுகப் பார்த்துவிட்டுப் போயின. ஆடி பிறந்தபோது கொழிஞ்சி அடைக்கியின் இடுப்பைத் தொட்டது. நன்றாக வளரட்டும் என்று பொறுத்திருந்த மாயழகு அப்போதுதான் ஊர்த் தலைவரிடம் பிராது கொடுத்தார்.

ஊர்த் தலைவருக்கு அந்தப் பக்கம் அம்பலம் என்று பெயர். அம்பலம் வெள்ளைக்கண்ணு நேர்மையான மனுஷர், ஆனால் வழக்கத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். காலையிலேயே வரப்புக்கு வந்துவிட்டார். பின்னால் மாயழகு, அவருக்குப் பின்னால் கொம்பன், அதற்கும் பின்னால் வேடிக்கை பார்க்க ஊர்.

"என்ன அடைக்கி இது? அறுப்புக்கு அப்புறம் முள்ளு வேலி?"

"அறுப்பு முடியலை அம்பலம். இது என் வெள்ளாமை."

"கொழிஞ்சியா வெள்ளாமை? எங்கே கதிரு? எந்தக் களத்துக்குக் கொண்டு போவே?"

"களத்துக்குப் போகாது. மண்ணுக்குப் போகுது. மண்ணுக்குச் சோறு."

வரப்பு நிறையச் சிரிப்பு. "மண்ணுக்கு வாயி எங்கேடி இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "அடுத்து ரசமும் மோரும் கேக்குமா?" என்றான் இன்னொருவன்.

அம்பலம் கையை உயர்த்தினார். "கேட்டுக்க அடைக்கி. கதிரு கட்டினது வெள்ளாமை, அது மனுஷனுக்கு. ஆடு திங்கிற பச்சை ஆட்டுக்கு. என் தாத்தா காலத்துக்கும் முந்தின வழக்கம். உனக்காக அதை மாத்த முடியாது. வெயில் தாழுறதுக்குள்ள முள்ளை எடுத்துரு. மந்தை இறங்கும்."

மாயழகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொம்பன் வேலியோரம் வந்து ஒரு தடவை ஆழமாக மோந்து பார்த்துவிட்டு, "மத்தியானம் பட்டினி கெடந்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

உச்சி வெயில். ஊர் நிழலுக்கு ஒதுங்கிவிட்டது. அடைக்கி மட்டும் வயலுக்கு நடுவில் நின்றாள். சுற்றிலும் கொழிஞ்சி, வெயிலுக்கு இலையை மடக்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை.

"தோத்துப் போச்சு" என்றாள். "நான் தம்பி வீட்டுக்குப் போயிர்றேன். தரிசாப் போகட்டும்."

"நீ போ" என்றது பக்கத்தில் நின்ற கொழிஞ்சி. "உனக்குக் காலு இருக்கு. நாங்க எங்கே போறது?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"அந்த ஆளு என்ன சொன்னாரு, நல்லாக் கேட்டியா?" என்றது கொழிஞ்சி. "ஆடு திங்கிற பச்சை ஆட்டுக்குன்னாரு. சரி. ஆடு திங்காத பச்சை?"

"ஆடு திங்காத பச்சை ஏது? வேம்பையே விடாத வாயி அது. எருக்கைக்கூட விடாது, எல்லாத்தையும் திங்கும்."

"பொறு" என்றது கொழிஞ்சி. பிறகு வேர் வழியாகக் கீழே கூப்பிட்டது. "ஏ மண்ணே! உங்கிட்ட காரல் இருக்குன்னு சொன்னியே, எவ்வளவு இருக்கு?"

அதற்கு மண், "எத்தனை வருஷத்துப் பட்டினியோ, அத்தனையும் இருக்கு" என்றது. "ஏன் கேக்குறே?"

"எல்லாத்தையும் எனக்குக் குடு."

"புத்தி கெட்டுப் போச்சா? கசப்புன்னா ஆடு பொறுத்துக்கும். இது கசப்பு இல்லை, காரல். இதைக் குடிச்சா அப்புறம் எப்பவும் உங்கிட்ட இனிப்பு வராது. கன்னுக்குட்டி வந்து முகத்தை உரசாது. பொம்பளைக உம் பூவைத் தலையில வைக்க மாட்டாக. சாமிக்கும் ஏத்த மாட்டாக. உம் பிள்ளைகளுக்கும் அதேதான், அதுங்க பிள்ளைகளுக்கும் அதேதான். யோசிச்சுக் கேளு."

வயல் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. வேலியோரம் நின்ற இளஞ்செடி ஒன்று, "அப்ப நம்மளை யாருக்கும் பிடிக்காதா?" என்று கேட்டது.

"இவ்வளவு நாளா ரொம்பப் பிடிச்சுத்தானே தின்னாக?" என்றது காரல் கேட்ட கொழிஞ்சி. "பிடிச்சது போதும். குடு மண்ணே."

அடைக்கி தடுக்க வாயெடுத்தாள். தடுக்க அவளுக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. குனிந்து, அந்தச் செடியின் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டாள், பிரசவக்காரியின் கையைப் பிடிக்கிற மாதிரி.

வயலுக்கு அடியில் வெடிப்பு விடுகிற சத்தம் கேட்டது. வயல் முழுவதும் கொழிஞ்சி வேரை இறக்கியது. மண்வெட்டி போகாத ஆழத்துக்கு, 'ணங்' என்ற அந்தக் கெட்டித் தரையைத் துளைத்துக்கொண்டு, அதற்கும் கீழே இறக்கியது. பிறகு உறிஞ்சத் தொடங்கியது. அடைக்கியின் கைக்குள் தண்டு நடுங்கியது. இளம்பச்சையாக இருந்த இலையில் சாம்பல் ஏறியது. வலி தாங்க முடியாத இடத்திலெல்லாம் வேர் பல்லைக் கடிப்பது போலத் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. மேலே பூத்திருந்த வெள்ளை உப்பு, சாணி தெளித்த வாசல் காய்வது போல, கண்ணெதிரே மங்கி மறைந்தது.

நிழல் நீண்டபோது எல்லாம் ஓய்ந்திருந்தது. "ஒரு இலையைக் கிள்ளி வாயில போடு" என்றது கொழிஞ்சி. குரல் கரகரத்திருந்தது.

அடைக்கி கிள்ளி மென்றாள். நாக்கு மரத்தது. தொண்டை வரைக்கும் யாரோ அரத்தால் ராவிய மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. துப்பலாம் என்று பார்த்தாள். துப்பவில்லை. மென்று விழுங்கினாள்.

பிறகு எழுந்து, ஊர் வருவதற்குள் தானே போய் முள்ளை எடுத்தாள். நாலு பக்கமும் எடுத்தாள். ஒரு கிளை மிச்சம் வைக்கவில்லை.

அம்பலமும் மாயழகும் மந்தையோடு வந்தபோது அவள் வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "வாங்க" என்றாள். "வயிறு முட்டத் திங்கச் சொல்லுங்க."

மந்தை ஆவலாகப் பாய்ந்தது. முதல் வாய் கடித்த ஆடு அப்படியே நின்றது. இரண்டாவது ஆடு துப்பியது. மூன்றாவது தும்மியது. கொஞ்ச நேரத்தில் வயல் முழுவதும் தும்மல். குட்டிகள் தாய் மடியைத் தேடி ஓடின.

மாயழகுக்கு முகம் கறுத்தது. "சாணியைக் கரைச்சுத் தெளிச்சிருக்கா!" என்று கத்தினார். "எனக்குத் தெரியாதா இந்தப் பயிர்க்காரி வித்தை? சாணி வாடைக்கு ஆடு வாய் வைக்காது. கழுவுங்கடா செடியை!"

"கழுவுங்க" என்றாள் அடைக்கி.

ஒரு குடம் தண்ணீர் வந்தது. மாயழகு தன் கையாலேயே ஒரு கிளையை அலசினார். மோந்து பார்த்தார். சாணி வாடை இல்லை. அந்தக் கிளையைக் கொம்பன் வாய்க்கு நேராக நீட்டினார்.

கொம்பனுக்குச் சங்கடம். ஆட்டு வாய்க்கு ஆகாத பச்சை என்று ஒன்று உண்டென்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டால் தலைக்கிடாவுக்கு என்ன மரியாதை? எனவே கிளை முழுவதையும் ஒரே வாயில் உருவிக்கொண்டது. மென்றது. தாடி நடுங்கியது. மஞ்சள் கண்ணில் நீர் கட்டியது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டார் அம்பலம். "ஒரே சொல்லுல சொல்லு."

பதில் சொல்லக் கொம்பன் வாயைத் திறந்தது. காரல் ஏறிய நாக்கு புரளவில்லை. பேச்சு குழறி, "மே...ஏ...ஏ..." என்று ஒரு சத்தம்தான் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தது. அதே சத்தம். கடைசியில் வாயில் இருந்ததைக் கொட்டிவிட்டு, இரண்டு காதும் படபடவென்று அடிக்கத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறியது.

ஊர் சிரிக்கவில்லை. கொம்பன் பேச்சிழந்து நின்றதைப் பார்க்கச் சிலருக்குப் பாவமாகக்கூட இருந்தது. அடைக்கிக்கும் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"விஷம் அம்பலம் இது!" என்றார் மாயழகு. "விஷச்செடி வளர்க்கிறா!"

அடைக்கி கைநிறைய உருவி எல்லார் முன்னாலும் வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே பேசினாள். கண்ணீர் ஒழுகியது, குரல் ஒழுகவில்லை. "ஆடு திங்கிற பச்சை ஆட்டுக்குன்னு நீங்கதானே சொன்னீக? இது ஆடு திங்காத பச்சை. உங்க வழக்கத்துல இதுக்கு என்ன பேரு? சொல்லுங்க அம்பலம்."

அம்பலம் தாத்தா காலம் வரைக்கும் தேடிப் பார்த்திருப்பார். "இதுக்கு வழக்கம் இல்லை" என்றார் கடைசியில்.

"அப்ப நான் வைக்கிறேன்" என்றாள் அடைக்கி. "இது மண்ணுக்கு."

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. கண்மாய் பெருகி, கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. அடைக்கி வயலில் தண்ணீரைக் கட்டினாள். கொழிஞ்சியை அறுத்துப் பரப்பினாள். சேற்றில் இறங்கும் முன் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். முதல் அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றாள்.

"என்ன யோசனை?" என்றது காலடியில் கிடந்த கொழிஞ்சி. "மெதுவா மிதின்னு கேப்பேன்னு நினைச்சியா? நல்லா அழுத்தி மிதி. வரப்புல ஒரு தூரை மட்டும் விட்டுரு. எங்க பிள்ளைக பூவைப் பார்க்கட்டும்."

மிதித்தாள். பொழுது சாயும்வரை மிதித்தாள். பத்து நாள் வயல் நாறியது. கடைமடைப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பதினோராம் நாள் அடைக்கி கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். கை மணிக்கட்டு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. சேறு கறுத்திருந்தது. விரலிடுக்கில் ஒரு மண்புழு நெளிந்தது. காரலைத் தேடி நாக்கில் வைத்துப் பார்த்தாள். இல்லை. உயிரோடு இருந்தவரை விடாமல் பிடித்திருந்த காரலைக் கொழிஞ்சி அழுகும்போது வழியில் எங்கோ கரைத்துவிட்டிருந்தது.

அந்தத் தையில் அவள் அறுத்த கதிர் மணிப் பாரத்தில் தலை நிமிராமல் கிடந்தது. களத்தில் தூற்றியபோது பதர் பறக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பறந்தது. எந்த நெல்லுக்கும் கொஞ்சம் பதர் உண்டு. வயல் அவளுக்கு நின்றது, அதுதான் விஷயம்.

மண் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. குனிந்தபோது, "அடுத்த வருஷமும் உண்டா?" என்று மட்டும் கேட்டது.

மாசியில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வரப்புக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். வரப்பில் விட்ட தூரில் முற்றிய விதையை ஒரு கை, ஒரு கை என்று அடைக்கி அள்ளிக் கொடுத்தாள். "மணலோட தேய்ங்க. நல்லாக் கோவம் வரட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாள். மாயழகு மட்டும் வரவில்லை. கோடை வெயிலுக்கு நெற்று முறுக்கி வெடித்ததில் நாலு விதை தெறித்து அவருடைய வரப்பிலும் விழுந்தது. அவர் அதைப் பிடுங்கப் பார்த்தார். கை தோல் உரிந்தது. செடி வரவில்லை.

அன்று முதல்தான் ஆடு கொழிஞ்சியின் பக்கம் போனால் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, காது படபடக்கத் தலையை உதறிவிட்டு நகர்கிறது. என்னவோ சொல்ல வந்து 'மே' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நடவுக்கு முன் கொழிஞ்சி மிதிக்கிறவர்கள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பதும், வரப்பில் ஒரு தூரை அறுக்காமல் விடுவதும் அப்போது வந்ததுதான். அந்தத் தூரில் ஊதாப் பூ பூக்கும். யாரும் தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்கும் ஏற்ற மாட்டார்கள். வேண்டுமானால் அதை வேரோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் கைதான் கிழியும். தப்பித்தவறி வந்துவிட்டால் வேரைத் திருப்பிப் பாருங்கள். அந்த உச்சி வெயிலில் பல்லைக் கடித்துப் போட்ட முடிச்சுகளை அது இன்னும் அவிழ்க்கவில்லை.